ஃப்ரீ ராடிக்கல் படம் தெளிவாக விழவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

குளுவாங்கில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக இருக்கும் எங்கள் சின்ன லேப்பில் ஓர் இ.பி.ஆர். (எலக்ட்ரான் பாராமேக்னடிக் ரெசொனன்ஸ்) இமேஜிங் மெஷின் ஓடுகிறது. ஃப்ரீ ராடிக்கல், அதாவது ஜோடி இல்லாத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு, சாம்பிளில் எங்கே இருக்கிறது என்று படம் பிடிப்பதுதான் அதன் வேலை. 1.1 கிகாஹெர்ட்ஸ், காந்தப்புலம் சுமார் 39 மில்லிடெஸ்லா. கடைசி வருஷப் புராஜெக்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, படம் மங்கலா இருக்கு, கிரேடியன்டை ஏத்தவா?" (கிரேடியன்ட் என்பது காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறும் அளவு. எந்தச் சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று காட்டுவது அதுதான்.) ஏற்ற வேண்டாம். முக்கால்வாசி நேரம் கோளாறு வேறு எங்கோ இருக்கும். அதைத் தேடும் வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை எம்.ஆர்.ஐ. பார்ப்பது தண்ணீரின் புரோட்டானை. ஸ்பெக்ட்ரத்தில் அதன் கோடு, அதாவது சிக்னல் எழும்பும் இடம், மெல்லியது. நாம் பார்ப்பது ஜோடி இல்லாத எலக்ட்ரானை. இதன் கோடு தடி. கோட்டின் அகலத்தைக் கிரேடியன்டால் வகுத்தால் வருவதுதான் படத்தில் பிரித்துக் காட்ட முடிகிற தூரம். கோடு 0.1 மில்லிடெஸ்லா, கிரேடியன்ட் மீட்டருக்கு 100 மில்லிடெஸ்லா என்றால் 1 மி.மீ. அதற்குக் கீழே ஓரளவுக்குத்தான் சாஃப்ட்வேர் கைகொடுக்கும்.

## எதையும் தொடுவதற்கு முன்

சொந்த சாம்பிளை வெளியே எடுத்து வையுங்கள். இரட்டைக் குழாயைப் போடுங்கள். உள்விட்டம் 1 மி.மீ. உள்ள கண்ணாடி கேப்பிலரி இரண்டு, இரண்டிலும் 1 மில்லிமோலார் டெம்போல் (நைட்ராக்சைடு வகையைச் சேர்ந்த, நிலையான ஒரு ஃப்ரீ ராடிக்கல்) கரைசல், அடியில் மெழுகு அடைப்பு, நடுவுக்கு நடு 4 மி.மீ. இடைவெளியில் ஒரு தெர்மோகோல் துண்டில் குத்தி நிறுத்தியது. எங்கள் அலமாரியில் இருப்பதன் தலையில் சிவப்பு நகப்பூச்சு தடவியிருக்கும். எந்தப் பக்கம் மேலே என்பதில் சந்தேகம் வரக்கூடாது அல்லவா, அதற்காக.

முதலில் கிரேடியன்ட் இல்லாமல் ஒரு ஸ்பெக்ட்ரம் எடுங்கள். டெம்போலுக்கு மூன்று கோடுகள், இரண்டுக்கு இடையே சுமார் 1.6 மில்லிடெஸ்லா. ஒவ்வொரு கோடும் திரையில் ஒரு மேடும் ஒரு பள்ளமுமாக விழும். நடுக்கோட்டின் உச்சியிலிருந்து பள்ளத்தின் அடிவரை அகலத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். பிறகு கிரேடியன்ட் போட்டு ஒரு படம் எடுங்கள். இரட்டைக் குழாய் நன்றாக வந்து, உங்கள் சாம்பிள் மட்டும் மங்கலாக வந்தால் மெஷினை விட்டுவிடலாம். கோளாறு சாம்பிளில்.

## அறிகுறி 1: இரண்டு குழாயும் ஒன்றாகக் கரைந்து ஒரே மேகமாகத் தெரிகிறது

### கிரேடியன்ட் இல்லாதபோதே கோடு தடியாக இருக்கிறதா?

காசு செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

மாடுலேஷன், அதாவது சிக்னலைப் பிடிக்கக் காந்தப்புலத்தை வேகமாக ஆட்டும் அளவு. சிக்னல் பெரிதாகத் தெரியட்டும் என்று யாராவது ஏற்றிவிட்டுப் போயிருப்பார்கள். இப்போது இருக்கும் அளவைப் பாதியாக்கி மறுபடி ஒரு ஸ்வீப் (புலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட்டி ஸ்பெக்ட்ரம் எடுப்பது). கோட்டின் அகலம் குறைந்தால் குற்றவாளி அகப்பட்டான். கோட்டின் நிஜ உருவம் வேண்டுமானால் மாடுலேஷன் கோட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. படம் எடுக்கும்போது சிக்னலுக்காகக் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம், ஆனால் கோட்டின் அகலத்தையே எட்டிவிட்டால் தெளிவைக் கொடுத்துச் சிக்னலை வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

பவர். மைக்ரோவேவ் பவரை 6 டெசிபெல் குறையுங்கள், அதாவது நான்கில் ஒரு பங்கு. சிக்னல் சரிபாதியாக இறங்கவேண்டும். பாதி அளவுக்கு இறங்காமல் பாதிக்கு மேலேயே நின்றால் சாச்சுரேஷன் (பவர் மிகுந்து எலக்ட்ரான்கள் அதற்கேற்ப உறிஞ்ச முடியாத நிலை), கோடு அதனால்தான் தடித்திருக்கிறது. இறங்கும் விகிதம் சரியாகும்வரை பவரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கரைசலின் அடர்த்தி. இங்கேதான் அதிகம் சிக்குகிறார்கள். "நிறைய போட்டா சிக்னல் நிறைய வரும்" என்று நினைத்து 10, 20 மில்லிமோலார் கலக்குகிறார்கள். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று அடிக்கடி மோதினால் கோடு தடிக்கும். இன்னும் ஏற்றினால் மூன்று கோடும் ஒன்றை நோக்கி ஒன்று சரியத் தொடங்கும். டெம்போலுக்கு 1 மில்லிமோலார் என்றால் 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 17.2 மில்லிகிராம். அவ்வளவுதான். காகிதத்தில் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் நாலைந்து துகள், அதற்கு மேல் இல்லை. ஸ்பூனால் அள்ளிப் போட்டிருந்தால் கரைசலின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து மறுபடி அளங்கள்.

கரைப்பான். செம்பனை எண்ணெயில் ஆக்சிஜனேற்றம் பார்க்கிறோம் என்று வருகிறவர்கள் கவனிக்கவும், இந்த வட்டாரத்தில் பாதிப் புராஜெக்ட் அதுதான். லேப் ஏர்கோன் 20 டிகிரியில் ஓடும். மில்லிலிருந்து வந்த கச்சா எண்ணெய் அந்தக் குளிரில் பாதி உறைந்து, குழாயின் அடியில் மஞ்சளாகப் படிந்து நிற்கும். அந்தக் கெட்டி எண்ணெயில் ராடிக்கல் சுழல முடியாமல் திணறும், கோடு அகலும். அடையாளம் சுலபம்: மூன்று கோடும் ஒரே உயரமாக இருக்காது, உயர் புலத்தின் பக்கம் இருக்கும் மூன்றாவது கோடு குட்டையாக இருக்கும். சாம்பிளை 40 டிகிரிக்குச் சூடாக்கி அதே சூட்டில் வைத்து எடுங்கள். எண்ணெயில் ஆக்சிஜன் தண்ணீரைவிட அதிகமாகக் கரையும், அதுவும் கோட்டைத் தடிக்க வைக்கும். கால் மணி நேரம் மெதுவாக நைட்ரஜன் குமிழ் விட்டுப் பாருங்கள். கோடு மெலிந்தால் குழாயின் வாயை அடைத்துவிட்டு வேலையைத் தொடருங்கள்.

இத்தனைக்கும் பிறகும் கோடு தடிதான் என்றால் அது அந்த ராடிக்கலின் சுபாவம். இனி செலவு. நைட்ரஜன்-15, டியூட்டீரியம் ஆகிய கனமான ஐசோடோப்புகள் போட்டுச் செய்த நைட்ராக்சைடு வாங்கினால் கோடு மெலியும். மூன்று கோடு இரண்டாகி ஒவ்வொன்றும் உயரும். அதற்கும் மேலே டிரைட்டில் என்ற வேறொரு ராடிக்கல் வகை. ஒரே கோடு, நைட்ராக்சைடைவிடப் பல மடங்கு மெல்லியது. விலையைக் கேட்டால் தலை சுற்றும். சூப்பர்வைசரிடம் போவதற்கு முன் மேலே சொன்ன நான்கையும் செய்து பார்த்ததற்கு அத்தாட்சியாக ஸ்பெக்ட்ரங்களை அச்செடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அவரும் இதே கேள்விகளைத்தான் கேட்பார்.

### கோடு மெல்லியதுதான், படம் மட்டும் மங்கலா?

கிரேடியன்ட் திரையில் எழுதியிருக்கிற அளவுக்கு நிஜமாகவே வருகிறதா என்று பாருங்கள். இரட்டைக் குழாய் இதற்கும் உதவும். குழாய்கள் வரிசையாக நிற்கும் திசையில் கிரேடியன்ட் போட்டு ஒரே ஒரு புரொஜெக்‌ஷன். (கிரேடியன்ட் போட்டு ஒரு கோணத்தில் எடுக்கும் ஸ்பெக்ட்ரம்தான் அது. இப்படிப் பல கோணத்தில் எடுத்ததைச் சேர்த்துத்தான் படம் கட்டுகிறோம்.) இரண்டு குழாயின் கோடுகளும் எத்தனை மில்லிடெஸ்லா தள்ளி விழுகின்றன? 4 மி.மீ. இடைவெளிக்கு, மீட்டருக்கு 100 என்ற கிரேடியன்டில் 0.4 மில்லிடெஸ்லா வரவேண்டும். 0.3தான் வருகிறது என்றால் கிரேடியன்ட் 75தான். மூன்று திசைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். குழாயைத் திருப்பி வைக்கச் சோம்பல்பட்டு ஒரு திசையோடு நிறுத்திவிடுகிறார்கள். பழுது பெரும்பாலும் பார்க்காமல் விட்ட திசையில்தான் இருக்கும்.

கிரேடியன்ட் குறைந்தால் முதலில் கேபிள் முனை. மெஷினை நிறுத்தி, பவர் சப்ளையின் பிளக்கைப் பிடுங்கி, சில நிமிஷம் விட்டு, காயிலுக்குப் போகும் கேபிளின் முனையிலுள்ள உலோகப் பிடியை, அதாவது லக்கைப் பாருங்கள். செம்பில் பச்சை பூத்திருக்கிறதா, இன்சுலேஷன் ஓரம் பழுப்பாகக் கருகியிருக்கிறதா? நம் ஊர் ஈரக்காற்றில் இது சகஜம். துடைத்து இறுக்கினால் தீர்ந்துவிடும். தீராவிட்டால் பவர் சப்ளை கரண்ட் லிமிட்டில் நிற்கிறதா என்று பாருங்கள், அதற்கான சின்ன விளக்கு முன்பக்கத்திலேயே இருக்கும். விளக்கு எரிந்தால் அதோடு நிறுத்துங்கள். மூடியைக் கழற்றுவது உங்கள் வேலை இல்லை, அது கடைசிப் பகுதியில் வருகிறது.

கிரேடியன்டும் சரி, கோடும் சரி என்றால் இப்போது ஏற்றிப் பார்க்கலாம். ஆனால் விலை தெரிந்து ஏற்றுங்கள். கிரேடியன்டை இரட்டித்தால் அதே சிக்னல் இரண்டு மடங்கு அகலத்தில் பரவி, உயரம் பாதிக்கும் கீழே போகும். பாதியாக இறங்கியதை மீட்கவே ஒவ்வொரு புரொஜெக்‌ஷனையும் நான்கு தடவை எடுத்துச் சராசரி பார்க்கவேண்டும். அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகும். அத்தனை நேரம் புலம் அசையாமல் நிற்குமா என்பது அறிகுறி 4.

## அறிகுறி 2: குழாயைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கோடுகள்

கதிர்கள் சீரான இடைவெளியில் நாலா பக்கமும் போகின்றனவா? புரொஜெக்‌ஷன் போதவில்லை. சாம்பிளின் விட்டத்தை வேண்டிய தெளிவால் வகுத்து ஒன்றரையால் பெருக்குங்கள். 20 மி.மீ. சாம்பிளில் 1 மி.மீ. வேண்டுமானால் முப்பதுக்குக் குறையாமல் வேண்டும். பன்னிரண்டோடு முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனால் நட்சத்திரம்தான் மிஞ்சும்.

ஒரே ஒரு கோடு மட்டும் படத்தைக் குறுக்கே வெட்டிப் போகிறதா? ஒரு புரொஜெக்‌ஷன் கெட்டிருக்கிறது. எல்லாக் கோணங்களையும் வரிசையாக அடுக்கிக் காட்டும் சைனோகிராமைத் திறந்து பாருங்கள். ஒரு வரிசை மட்டும் வெளிறிப்போய்த் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடி மழை நேரத்தில் எடுத்ததா என்று நேரத்தைப் பாருங்கள். அந்தக் கோணத்தை மட்டும் திரும்ப எடுத்து ஒட்டினால் போதும், மொத்தத்தையும் எடுக்கவேண்டியதில்லை.

## அறிகுறி 3: ஓரத்தில் அதே குழாய் இன்னொரு முறை, லேசாகத் தெரிகிறது

நைட்ராக்சைடின் பக்கத்துக் கோடு உள்ளே வந்துவிட்டது. நடுக்கோட்டை மட்டும் வைத்துப் படம் எடுக்கும்போது கிரேடியன்டைச் சாம்பிளின் நீளத்தால் பெருக்கினால் 1.6 மில்லிடெஸ்லாவைத் தாண்டக்கூடாது. 25 மி.மீ. சாம்பிளுக்கு மீட்டருக்கு 100 போட்டால் 2.5 ஆகிறது. பேய்ப்படம் வராமல் என்ன செய்யும்?

சாம்பிளைச் சின்னதாக வெட்டுங்கள், அதுதான் சுலபம். 15 மி.மீ. என்றால் 1.5, தப்பித்துவிடலாம். வெட்ட முடியாது என்றால் கிரேடியன்டை இறக்கி, தெளிவு போவதை ஏற்றுக்கொள்ளுங்கள். நைட்ரஜன்-15 போட்ட ராடிக்கல் இருந்தால் இடைவெளி 2.2 மில்லிடெஸ்லாவுக்கு மேலே போகும். மூன்று கோட்டையும் சேர்த்து டீகான்வலூஷன் (கோட்டின் உருவத்தைக் கணக்கால் நீக்கிப் படத்தைக் கூர்மையாக்குவது) செய்யும் சாஃப்ட்வேரும் உண்டு, ஆனால் சிக்னல் பலமாக இருந்தால்தான் அதில் கைவைக்கவேண்டும்.

## அறிகுறி 4: உருண்டையாக இருக்கவேண்டியது பிறையாக, வளையமாக, ஒரு பக்கம் இழுத்ததுபோல் வருகிறது

எங்கள் லேப்பில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான்.

முதலில் ஸ்வீப் வேகம். டைம் கான்ஸ்டன்ட் (இரைச்சலைக் குறைக்க மெஷின் சிக்னலைச் சராசரி பார்க்கும் நேரம்) நீளமாக இருந்தால் கோடு ஸ்வீப் போகும் திசையில் இழுபடும். புலத்தை ஏறுமுகமாக ஒரு தடவை, இறங்குமுகமாக ஒரு தடவை ஓட்டுங்கள். கோட்டின் இடம் மாறினால் அதுதான். கோட்டின் அகலத்தைக் கடக்க ஆகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் டைம் கான்ஸ்டன்ட் இருக்கட்டும்.

அடுத்தது மையம். கிரேடியன்டின் நடுப்புள்ளியும் சாஃப்ட்வேருக்குக் கொடுத்த நடுப்புள்ளியும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு புள்ளி வளையமாகும். கிரேடியன்டின் திசையை நேர் எதிராக மாற்றி இரண்டு புரொஜெக்‌ஷன் எடுங்கள். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாக இருக்கவேண்டும். தள்ளியிருந்தால் தள்ளிய தூரத்தில் பாதியை மையத்தில் திருத்துங்கள்.

இரண்டும் சரியென்றால் புலம் நகர்கிறது. முதல் கோணத்தையே கடைசியிலும் ஒரு தடவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 0.1 மில்லிடெஸ்லா நகர்ந்திருந்தால் படத்தில் அது முழுசாக 1 மி.மீ.

ஏன் நகர்கிறது? பிள்ளைகள் உடனே ஜன்னல் வழியாகக் கைகாட்டுவது ரோட்டில் போகும் செம்பனைக் குலை லாரியை. லாரியை விடுங்கள். அது கடக்கும்போது 10 மைக்ரோடெஸ்லா மாறினால்கூட 0.1 மி.மீ.தான் ஆகும், அத்தனை தூரத்திலிருந்து அவ்வளவும் வராது. காந்தத்துக்கு அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்த இரும்பு நாற்காலி லாரியைவிட மோசம். முதலில் அதைத் தள்ளுங்கள்.

பிறகு சூடு. காந்தத்தைப் போட்டவுடன் படம் எடுக்க ஆரம்பித்தால் நகரத்தான் செய்யும். காலையில் வந்ததும் போட்டுவிட்டு, கரைசல் கலக்கும் வேலையை அந்த நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஏர்கோன் காற்று நேராகக் காந்தத்தின்மேல் அடிக்கிறதா என்று ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நூல் ஆடினால் ஏர்கோனின் காற்றுப் பலகையைத் திருப்புங்கள். நிரந்தரக் காந்தம் வைத்த மேஜை மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: நியோடிமியம் காந்தம் ஒரு டிகிரிக்கு சுமார் 0.11 விழுக்காடு வலு இழக்கும். 39 மில்லிடெஸ்லாவில் அது 0.043, படத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஒரே ஒரு டிகிரிக்கு!

அப்புறம் சில்லர், அதாவது காயிலைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓட்டும் மெஷின். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் காயில் சூடேறும். வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். எங்களுடையதில் பாசி பச்சைக் கம்பளி மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். பல் தேய்க்கும் பழைய பிரஷ் போதும். தேய்த்துக் கழுவி, வடித்த தண்ணீர் ஊற்றி மூடுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அடுத்த மாதமே மறுபடி கழற்றவேண்டிவரும். வடிகட்டி சுத்தமாக இருந்தும் ஓட்டம் குறைவாக இருந்தால் பம்ப். அதற்கு சில்லர் ஆளைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் ஏற்ற இறக்கம் கடைசிச் சந்தேகம். இரண்டு மணி நேரம் காந்தத்தின் கரண்டை நிமிஷத்துக்கு ஒரு தடவை பதிவு செய்யுங்கள். பக்கத்து வொர்க்‌ஷாப்பில் வெல்டிங் தொடங்கும் நேரமும் உங்கள் பதிவில் கரண்ட் படிபோல் ஏறும் நேரமும் ஒன்றாக இருந்தால் தனி லைன் கேட்கவேண்டியதுதான்.

எல்லாம் செய்தும் கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருந்தால், நாலு புரொஜெக்‌ஷனுக்கு ஒரு தடவை கிரேடியன்ட் இல்லாமல் ஒரு ஸ்வீப் எடுத்து, கோட்டின் நடு எங்கே இருக்கிறது என்று பார்த்து, கணக்கில் திருத்துங்கள். அழகான வழி இல்லை, ஆனால் படம் வந்துவிடும்.

## அறிகுறி 5: நன்றாக ஆரம்பித்து, போகப்போக மங்கி, உருவமும் கோணலாகிறது

ராடிக்கல் செத்துக்கொண்டிருக்கிறது. கொய்யாத் துண்டை டெம்போலில் ஊறவைத்துப் படம் எடுக்க முயன்றால் நேரில் பார்க்கலாம். கொய்யாவின் வைட்டமின் சி நைட்ராக்சைடை ஹைட்ராக்சிலமினாக மாற்றிவிடும், அதற்குச் சிக்னலே கிடையாது. உயிருள்ள திசுவிலும் இதுதான் கதை.

கிரேடியன்ட் இல்லாமல் நிமிஷத்துக்கு ஒரு ஸ்வீப் எடுத்து உயரத்தைக் குறியுங்கள். படம் எடுக்கும் நேரத்துக்குள் சிக்னல் பாதியானால் எந்தத் திருத்தமும் நிற்காது. முதலில் கோணங்களின் வரிசையை மாற்றுங்கள். 0, 6, 12 என்று போகாமல் 0, 90, 45, 135 என்று தாவித் தாவி எடுத்தால், மங்கல் ஒரே திசையில் சேர்ந்து உருவத்தைக் கோணலாக்காது. இடையிடையே எடுத்த ஸ்வீப்பின் உயரத்தால் ஒவ்வொரு புரொஜெக்‌ஷனையும் வகுங்கள். போதாவிட்டால் டெம்போலை விட்டு கார்பமாயில்-புராக்சிலுக்கு மாறுங்கள். அதன் ஐந்து மூலை வளையம் டெம்போலின் ஆறு மூலை வளையத்தைவிட மெதுவாகத்தான் அழியும்.

## அறிகுறி 6: டீகான்வலூஷனுக்குப் பிறகு படம் முழுக்க மணல்

பேராசை. சிக்னல் தாங்கும் அளவுக்கு மேல் கூர்மை கேட்டிருக்கிறீர்கள். ஃபில்டரைத் தளர்த்துங்கள் அல்லது கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டும் இட்டரேஷனைக் குறையுங்கள். இரட்டைக் குழாய் படத்தில் மூன்றாவது குழாய் முளைக்கத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நில்லுங்கள்.

## இந்த மெஷினால் முடியாத இடம்

நைட்ராக்சைடு வைத்து, உயிருள்ள எலிக்குள், அரை மில்லிமீட்டருக்குக் கீழே வேண்டும் என்று யாராவது வந்தால் நான் நேராகச் சொல்லிவிடுவேன்: இங்கே ஆகாது. அதற்கு ஓவர்ஹவுசர் எம்.ஆர்.ஐ. வேண்டும். எலக்ட்ரானைக் கிளறிவிட்டு, அதனால் புரோட்டானில் ஏற்படும் மாற்றத்தைச் சாதாரண எம்.ஆர்.ஐ. போலப் படம் எடுப்பது. தெளிவை அங்கே தீர்மானிப்பது புரோட்டானின் மெல்லிய கோடு, ராடிக்கலின் தடித்த கோடு அல்ல. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் டேவிட் லூரியின் குழு 1988இலேயே இதைக் காட்டியது. இன்னொரு வழி பல்ஸ் முறை, அதாவது அலையைத் தொடர்ந்து விடாமல் சின்னச் சின்னத் துடிப்பாக விடுவது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியராக இருந்த சங்கரன் சுப்பிரமணியன், அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் குழுவோடு சேர்ந்து 300 மெகாஹெர்ட்ஸில் செய்த வேலைகளைப் படித்துப் பாருங்கள். அந்த வகையில் ஒற்றைப் புள்ளி முறையில் (துடிப்புக்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட கணத்தின் சிக்னலை மட்டும் வைத்துப் படம் கட்டுவது) எடுத்தால் கோட்டின் அகலம் தெளிவை அவ்வளவாகக் கட்டிப்போடாது. ஆனால் சிக்னல் மைக்ரோவினாடிக் கணக்கில் நீடிக்கவேண்டும், அதற்கு டிரைட்டில்தான் தோது.

## எப்போது கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவது

கிரேடியன்ட் சப்ளையில் ஓடுவது பல பத்து ஆம்பியர். கருகல் வாசனை, மூடிக்குள் சத்தம், பிரேக்கர் திரும்பத் திரும்ப விழுவது, இதில் எது நடந்தாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள மின்சாரப் பணியாளரான சார்ஜ்மேனைக் கூப்பிடுங்கள். எண்ணெய் மில்லில் வேலை பார்க்கும் சார்ஜ்மேன் அண்ணன் ஒருவர் எங்களுக்குப் பழக்கம், சனிக்கிழமை மதியம் வந்துவிடுவார். லைசென்ஸ் இல்லாத கைகளை உள்ளே விடாதீர்கள். மைக்ரோவேவை அனுப்பி வாங்கும் பெட்டியான மைக்ரோவேவ் பிரிட்ஜ், சாம்பிள் உட்காரும் ரெசொனேட்டரின் உள்பக்கம் இரண்டும் தயாரித்தவர்களின் ஆளுக்கு மட்டும். காந்தம் சின்னதுதானே என்று இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்த யாரையும் கிட்டே விடாதீர்கள். அவர்களுக்கு நெடுங்காலமாகப் போட்டுவந்த எல்லை 0.5 மில்லிடெஸ்லா, காந்தத்தின் நடுவில் அதைவிட எழுபது மடங்குக்கு மேல் இருக்கிறது.

சர்வீஸ் எஞ்சினியரைக் கூப்பிடுவதற்கு முன் நான்கு விஷயம் கையில் இருக்கட்டும்: கிரேடியன்ட் இல்லாத இரட்டைக் குழாயின் ஸ்பெக்ட்ரம், மூன்று திசையிலும் அளந்த கிரேடியன்ட், முதல் கோணத்தையும் கடைசியில் எடுத்த அதே கோணத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட படம், அன்றைய அறைச் சூடு. ஜோகூர் பாருவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ அவர் காரெடுத்து வருவதற்குள் பாதிக் கோளாறை ஃபோனிலேயே சொல்லிவிடுவார்.